பிக்ஸி2: ஐந்து என்றால் முதல் நான்கு எங்கே?

எங்கள் மாணவர் ரோபோ குழுவில் நிரல் எழுதுபவன் பத்தாம் வகுப்புப் பையன். கெட்டிக்காரன். ஆனால் எதையும் துடைத்துப் பளிச்சென்று வைக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது, ரோபோவுக்குக் கண்ணாக இருக்கும் பிக்ஸி2 கேமராவுக்கான நிரல் கோப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றின் உச்சியிலும் இருந்த பத்துப் பன்னிரண்டு வரிகளை அழித்துவிட்டு, “சுத்தம் செய்துவிட்டேன் சார்” என்று வந்து நின்றான். ரோபோவை ஓட்டிப் பார்த்தோம். பந்தைத் துரத்தியது, கவ்வியது, கூடையில் போட்டது. ஒரு குறையும் இல்லை. எப்படி இருக்கும்? அவன் அழித்தவை கணினி படிக்காமல் தாண்டிப்போகும் வரிகள்.

“அதில் என்ன எழுதியிருந்தது?”

“தெரியாது சார். வேலை செய்யாத வரிகள்.”

பழைய பிரதியைத் தேடி எடுத்தேன். உரிமக் குறிப்பு இங்கே தொடங்குகிறது என்று ஒரு வரி, இங்கே முடிகிறது என்று இன்னொரு வரி. நடுவே விஷயம்: இந்தக் கோப்பு ‘பிக்ஸி சிஎம்யூகேம்5’ என்பதைச் சேர்ந்தது, சுருக்கமாக பிக்ஸி, க்னூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் தரப்படுகிறது, வேறு நிபந்தனைகளில் வேண்டுவோர் இந்த முகவரிக்கு எழுதலாம். அவ்வளவுதான். பையன் தோளைக் குலுக்கினான். பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பெண்தான் கேட்டாள்: “சார், ஐந்து என்றால் முதல் நான்கு எங்கே?”

நான்கு போட்டிப் பருவங்களாக இந்தக் கேமராவைக் கையில் வைத்திருக்கிறேன். இரண்டு முறை பிரித்துச் சேர்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. பதிலைத் தேடிப் போனதில் கேமராவைப் பற்றிய என் கருத்தே கொஞ்சம் மாறிவிட்டது. அதனால்தான் இத்தனை நாள் எழுதாமல் விட்ட விமர்சனத்தை இப்போது எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். பிக்ஸி2 என்பது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சின்னப் பலகை. எடை சுமார் 10 கிராம். முன்பக்கம் லென்ஸ், அதன் அருகே இரண்டு வெள்ளை விளக்குகள், நிறம் மாறும் ஒரு சிறு விளக்கு, மேலே ஒரு பொத்தான். நொடிக்கு 60 பிரேம் பார்க்கிறது. ஆனால் படத்தை யாருக்கும் அனுப்புவதில்லை. “முதலாம் நிறம், இடமிருந்து இவ்வளவு, மேலிருந்து இவ்வளவு, அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு” என்று எண்களை மட்டும் அனுப்புகிறது. ஒரு முறை கண்ட நிறத் திட்டை அடுத்த பிரேமிலும் கண்டால், அது அதே திட்டுதான் என்று ஓர் அடையாள எண்ணையும் ஒட்டிவிடுகிறது. அர்டுயினோ போன்ற, ரோபோவை இயக்கும் சாதுவான சிறு பலகையால் முழுப் படத்தைத் தாங்க முடியாது. கைவிரலில் எண்ணிவிடக்கூடிய இந்த எண்களைத் தாராளமாகத் தாங்கும். மாணவர் ரோபோக்களில் இந்தக் கேமரா இத்தனை தூரம் பரவியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

நிறத்தைக் கற்றுக்கொடுக்கும் விதம் ரசிக்கத்தக்கது. பந்தைக் கேமரா முன் பிடிக்க வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஒரு நொடியில் விளக்கு வெள்ளையாகும், பிறகு சிவப்பாகும், பிறகு ஆரஞ்சு, மஞ்சள் என்று ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போகும். சிவப்பில் விரலை எடுத்தால் முதலாம் நிறம், ஆரஞ்சில் எடுத்தால் இரண்டாம் நிறம். இப்படி மொத்தம் ஏழு. விரலை எடுத்ததும் விளக்கு கேமரா பார்க்கும் பொருளின் நிறத்துக்கு மாறுகிறது. பச்சைப் பந்து பிடித்திருந்தால் பச்சை. பிடித்த கை ஆடினால் விளக்கும் தயங்குகிறது: பச்சை, வெளிர்பச்சை, மறுபடி பச்சை. கையை நிலையாக வைத்து விளக்கு அழுத்தமாக எரியும்போது இன்னொரு முறை பொத்தானைத் தட்டினால் மினுக்கிவிட்டு மனதில் வைத்துக்கொள்கிறது. கணினி தேவையில்லை, கம்பி தேவையில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தபோது, படிக்கச் சொல்லிக் கொடுத்த குறிப்பை ஒருவரும் தொடவில்லை. ஐந்து நிமிடத்தில் எதிரில் நின்றவனின் தொப்பியைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

சிக்கல் வெளிச்சத்தில் இருக்கிறது. நிறத்தை வைத்துப் பொருளை அடையாளம் காணும் எந்தக் கேமராவுக்கும் உள்ள சிக்கல் இது. பிக்ஸி நிறத்தின் சாயலை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. அதனால் வெளிச்சம் கூடிக் குறைந்தாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் வெளிச்சத்தின் நிறமே மாறிவிட்டால் பந்தின் நிறமும் மாறியதாகத்தான் அதற்குத் தெரியும். சென்ற பருவத்தில் நாங்கள் மாலையில் குழல் விளக்கின் கீழ் பழகிவிட்டு, போட்டியன்று காலை ஜன்னல் வெயிலில் ரோபோவை இறக்கினோம். ரோபோ பந்தை விட்டுவிட்டு, ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்த ஒரு தன்னார்வலரை நோக்கி நேராகப் போனது. அவர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே நகர்ந்து நின்றார். ரோபோவும் நகர்ந்தது. பிழை முழுக்க எங்களுடையது. களத்து வெளிச்சத்தில் மறுபடி கற்றுக்கொடுத்திருக்க வேண்டும், சோம்பலால் விட்டுவிட்டோம்.

அன்று முதல் நிறம் பார்க்கும் வேலையை எட்டாம் வகுப்புப் பெண் தானாகவே எடுத்துக்கொண்டாள். ஒரு நாற்பது பக்க நோட்டு. நாள், நேரம், ஜன்னல் திறந்ததா மூடியதா, பலகையிலுள்ள வெள்ளை விளக்குகள் எரிந்தனவா, கேமரா காண்பதைக் கணினியில் காட்டும் பிக்ஸிமான் மென்பொருளில் நிற வரம்பு எவ்வளவு, எத்தனை தப்புத் திட்டுகள் தெரிந்தன என்று கட்டம் போட்டு எழுதி வைத்தாள். பளபளப்பான பந்தின் மேல் ஒரு வெள்ளைப் பொட்டு விழுமே, விளக்கின் பிரதிபலிப்பு, அது படத்தின் நடுவில் இருக்கும்போது கற்றுக்கொடுத்தால் கேமரா வெளுத்த நிறத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தது அவள்தான். பந்தைச் சற்றுத் திருப்பி, பொட்டை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்துவாள். இந்தப் பருவத்தில் எங்கள் ரோபோ எந்தச் சட்டையையும் துரத்தவில்லை என்றால் அந்த நோட்டே காரணம். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

இனி அந்த நான்கு.

சிஎம்யூ என்பது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சுருக்கம். முதல் சிஎம்யூகேமைப் பற்றி 2002-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் மூன்று பெயர்கள் உள்ளன: அந்தோணி ரோ, சக் ரோசன்பர்க், இல்லா நூர்பக்ஷ். இவர்களில் ரோ அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவர். மாணவர்கள் கையில் இருக்கும் கேமராவை ஒரு மாணவர் கையே தொடங்கிவைத்தது என்று சொன்னபோது எங்கள் நிரலாளன் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அந்த முதல் கேமராவின் மூளை எஸ்எக்ஸ்28 என்ற மலிவான சில்லு. அதன் நினைவகம் 136 பைட். கிலோபைட் இல்லை, பைட். கேமரா தந்த படமோ 80க்கு 143 பிக்சல். ஒரு வரிசையில் 80 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட் என்றால் 240. ஒரே ஒரு வரிசையை முழுதாக வைத்துக்கொள்ளக்கூட இடம் இல்லை! பிறகு எப்படிப் பார்த்தது? கரும்பலகையில் வரைந்து காட்டினேன். ஒரு வாசல், கூட்டம் வரிசை வரிசையாக உள்ளே போகிறது, வாசலில் நிற்பவருக்கு யார் முகமும் நினைவில் நிற்காது. ஆனால் சிவப்புச் சட்டைக்காரர்களை மட்டும் எண்ணச் சொன்னால் எண்ணிவிடுவார். இடக்கோடியில் வந்தவர் யார், வலக்கோடியில் யார், முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர், மொத்தம் எத்தனை பேர் என்று நான்கைந்து எண்களை மட்டும் மனதில் திருத்திக்கொண்டே போனால் போதும். கூட்டம் முடிந்ததும் சிவப்புச் சட்டைகள் நின்ற செவ்வகம் கையில் கிடைத்துவிடும். முதல் சிஎம்யூகேம் பிக்சல்கள் ஓடிவர ஓடிவர இதைத்தான் செய்தது, நொடிக்கு 17 முறை. அந்தச் சிக்கனத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது. இன்று நாம் திரையில் ஒரு பொத்தான் படத்துக்கே அதைவிடப் பல மடங்கு நினைவகத்தைச் செலவழிக்கிறோம்.

அதே பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புரூஸ், டக்கர் பால்ச், மனுவேலா வெலோசோ மூவரும் ரோபோக்களுக்காக மலிவாகவும் வேகமாகவும் நிறம் பிரிக்கும் முறை ஒன்றை 2000-இல் கட்டுரையாக வெளியிட்டிருந்தார்கள். ஒரு வரிசையில் அடுத்தடுத்து வரும் ஒரே நிறப் பிக்சல்களை ஒரு துண்டாகச் சுருக்குவது, மேலும் கீழுமாகத் தொட்டுக்கொள்ளும் துண்டுகளை ஒரே திட்டாகக் கட்டுவது என்பதே அதன் சாரம். இந்த எண்ணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று கோடு போட்டுக் காட்டும் துணிவு எனக்கு இல்லை. ஆனால் பிக்ஸியின் உள்ளே எட்டிப் பார்ப்பவருக்கு இந்தத் துண்டும் திட்டும் பழகிய முகங்களாகத் தெரியும்.

இரண்டாம் சிஎம்யூகேம்தான் பள்ளி மாணவர்களிடம் பெரிய அளவில் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் டீன் கேமன் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் ரோபாட்டிக்ஸ் போட்டியில் 2005, 2006 பருவங்களில் அது பயன்பட்டது. 2006-இன் விளையாட்டில் உயரத்தில் ஒரு துளை, அதன் மேல் பச்சையாக ஒளிரும் ஓர் இலக்கு. கேமரா அந்தப் பச்சையைக் கண்டுபிடித்துச் சொல்ல, ரோபோ பந்தை எறிய வேண்டும். கேமரா இருந்தால் மட்டும் ஆகிவிடுமா? அன்றைய ரோபோக் கட்டுப்பாட்டுப் பலகையோடு அதைப் பேசவைக்க வேண்டுமே. அந்த நிரலை எழுதி, குறிப்புகளோடு எல்லா அணிகளுக்கும் கிடைக்கச் செய்தவர் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகப் பொறியாளர் கெவின் வாட்சன். அந்த ஆண்டுகளில் போட்டியிட்டவர்களுக்கு அவர் பெயர் கேமராவின் பெயரைவிட நன்றாக நினைவிருக்கும். ஆனால் கேமராவின் பெட்டியில் அந்தப் பெயர் இருக்க வழியில்லை. வாங்கிய பொருளுக்கும் ஓடும் ரோபோவுக்கும் நடுவே இப்படி ஒருவர் எங்கும் இருப்பார்.

மூன்றாவது 2007-இல். ரோ, நூர்பக்ஷ் இருவரோடு ஆடம் குட், தீரஜ் கோயல் என்ற இரண்டு புதிய பெயர்கள். முந்தைய இரண்டும் சொன்னதை மட்டும் செய்யும். இதில் பயன்படுத்துபவரே நிரல் எழுதி ஏற்றலாம், மூல நிரலும் திறந்தது. நான்காவதில் ரோவுடன் குவாபெனா அக்யமான். இந்தப் பெயரை நான் முன்பே அறிந்திருந்தேன், வேறு இடத்தில்! இப்ராஹிம் அப்தெல்காதருடன் சேர்ந்து ஓப்பன்எம்வி என்ற கேமராவை வளர்த்தவர் அவர். மைக்ரோபைத்தானில், அதாவது சிறு சில்லுகளுக்கான பைத்தான் மொழியில், நிரல் எழுதும் அந்தக் கேமராவை இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கிறேன். பிக்ஸிக்குப் போட்டி என்று நான் எண்ணியிருந்தது ஒரே வீட்டின் இன்னொரு கிளை. அந்த மைக்ரோபைத்தானுக்குப் பின்னால் டேமியன் ஜார்ஜ் என்று ஒருவர். இழுத்தால் நூல் வந்துகொண்டே இருக்கிறது. நான் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

ஐந்தாவதுதான் பிக்ஸி. பல்கலைக்கழகமும் ரிச் லெக்ராண்ட் நடத்தும் சார்ம்டு லேப்ஸ் என்ற சிறு நிறுவனமும் கூட்டாகச் செய்தது. 2013-இல் கிக்ஸ்டார்ட்டரில் முன்பணம் திரட்டி, 2014 மார்ச்சில் அனுப்பத் தொடங்கினார்கள். இந்தக் கூட்டு திடீரென்று முளைத்ததும் அல்ல. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நூர்பக்ஷின் ஆய்வகமும் லெக்ராண்டும் குவெர்க் என்ற ரோபோக் கட்டுப்பாட்டுப் பலகையில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். பிக்ஸியின் சில்லுக்குள் இரண்டு மூளைகள். சிறியது பிக்சல்களை வாங்கி ஒரே நிறத் துண்டுகளாக நறுக்கித் தள்ளுகிறது. பெரியது துண்டுகளைக் கோத்துத் திட்டாக்குகிறது. ஒருவர் நறுக்க ஒருவர் தாளிப்பது போல. நினைவகம் 264 கிலோபைட். 136 பைட்டில் குடும்பம் நடத்தியவர்களின் வாரிசுக்கு இது அரண்மனை. நாங்கள் வைத்திருக்கும் பிக்ஸி2 2018-இல் வந்தது. முன்னதைவிடச் சிறியது, இலகுவானது. தரையில் கோடு பார்த்துப் போவது, கோடுகள் சந்திக்கும் இடத்தில் திரும்புவது, சிறு பட்டைக் குறிகளைப் படிப்பது ஆகியவை இதில் கூடுதல்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது பையனின் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. காரணம் எனக்குத் தெரியும். எங்கள் அரங்கில் மாட்ட அவன் தயாரித்திருந்த சுவரொட்டியில், அவன் புகைப்படத்துக்குக் கீழே, ‘பார்வை அமைப்பு: முழுக்க முழுக்க எங்கள் குழுவின் உருவாக்கம்’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. மனதார நம்பி எழுதியதுதான். இரவெல்லாம் விழித்திருந்து எழுதிய நிரல். பந்து வலப்புறம் இருந்தால் வலச்சக்கரத்தை மெதுவாக்கு, திட்டின் அகலம் இவ்வளவைத் தாண்டினால் நில் என்று ஒவ்வொன்றும் அவன் கை பட்டது. அதை யாரும் மறுக்கவில்லை.

அவன் எதிர்வாதமும் செய்தான், நல்ல வாதம்: “பென்சில் செய்தவருக்குக் கட்டுரையில் நன்றி போடுகிறோமா சார்? காசு கொடுத்து வாங்கிய பொருள்தானே இதுவும்?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஒப்புக்கொள்கிறேன். மோட்டார் செய்தவர், மின்கலம் செய்தவர், திருகாணி செய்தவர் என்று எழுதப் புகுந்தால் சுவரொட்டியில் ரோபோவுக்கு இடம் இருக்காது. எங்கே கோடு போடுவது? எட்டாம் வகுப்புப் பெண்தான் நோட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: “பென்சில் கட்டுரையை யோசிக்காது அண்ணா. இது பந்து எங்கே இருக்கிறது என்று யோசித்துச் சொல்கிறது. நாம் அதைக் கேட்டு நடக்கிறோம்.” அவன் வாயை மூடிக்கொண்டான். நானும்தான்.

எனக்கு இதில் ஒரு பழைய கசப்பும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பார்வைக் கேமரா வாங்கினோம், பெயர் வேண்டாம். பெட்டி முழுக்கச் ‘செயற்கை நுண்ணறிவு’ என்று பொன்னெழுத்து. உள்ளே கோப்புகளைத் திறந்தால் எந்தக் கோப்பின் தலையிலும் ஒரு பெயர் இல்லை, ஓர் உரிமம் இல்லை, ஆண்டு இல்லை. சில இடங்களில் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் மட்டும் இருந்து நடுவே வெறுமை. யாரோ நம் பையனைப் போலச் சுத்தம் செய்திருக்கிறார்கள். கேமரா சுமாராக ஓடியது. ஒரு நாள் தகவல்தொடர்பில் கோளாறு வந்தது. யாரைக் கேட்பது? விற்றவருக்குத் தெரியவில்லை. மூல நிரல் யாருடையது என்று தெரிந்தால் அவர்கள் எழுதியதைப் படித்தாவது பார்க்கலாம். அதற்கும் வழியில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் அது இன்னும் படுத்திருக்கிறது.

பிக்ஸியோடு ஒப்பிட்டால் வேறுபாடு கண்ணில் அறையும். கேமராவுக்குள் ஓடும் நிரல், கணினியில் ஓடும் பிக்ஸிமான், அர்டுயினோவுக்கான கோப்புகள் எல்லாம் திறந்து கிடக்கின்றன. ஒரு திட்டு ஏன் இரண்டாகப் பிளந்து தெரிகிறது என்று ஒரு மாதம் மண்டையைக் குடைந்துவிட்டு, கடைசியில் திட்டுகளை இணைக்கும் பகுதியையே திறந்து படித்தோம். பாதிதான் புரிந்தது. அந்தப் பாதி போதுமாக இருந்தது. க்னூ பொது உரிமத்தின்படி இந்த நிரலை எடுத்து மாற்றி மற்றவருக்குக் கொடுப்பவர், மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள உரிமக் குறிப்புகளை அப்படியே வைத்திருக்க வேண்டும். அதாவது, எங்கள் நிரலை மற்ற அணிகளுக்குத் தருவதாக நாங்கள் பெருமையாக அறிவித்திருந்தோமே, அந்தப் பன்னிரண்டு வரிகள் இல்லாமல் தந்திருந்தால் மரியாதைக் குறைவோடு நிற்காது, உரிம மீறலும் ஆகியிருக்கும். மாணவர்கள் இதைப் பாடமாகப் படித்தால் கொட்டாவி விடுவார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டால் மறக்கமாட்டார்கள்.

ஒரு சின்னக் குறை சொல்ல வேண்டும். அந்தத் தலைப்பு வரிகளில் திட்டத்தின் பெயர் இருக்கிறது, ஆட்களின் பெயர் இல்லை. மேலே நான் சொன்ன பெயர்களைக் கட்டுரைகளிலிருந்தும் பழைய கையேடுகளிலிருந்தும் பொறுக்கித்தான் சேர்த்தேன். ‘5’ என்ற ஒற்றை எண் மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தது. ஆர்வமுள்ள ஒரு குழந்தை தட்டினால்தான் உண்டு.

யார் வாங்கலாம் என்று கேட்பீர்கள். நிறத்தால் பிரித்தறியக்கூடிய பொருளைத் தேட வேண்டும், கட்டுப்பாட்டுப் பலகை சிறியது, குழுவில் இளையவர்கள் அதிகம் என்றால் தயங்காமல் வாங்கலாம். கோடு பார்த்து ஓடும் ரோபோவுக்கும் நன்றாகவே ஒத்துழைக்கிறது. லென்ஸைத் திருகிக் குவியம் வைத்தபின் ஒரு துளி நகப்பூச்சு இடுங்கள். எங்கள் ரோபோ தடதடத்து ஓடும் ஜாதி, நாங்கள் இடாமல் விட்டு ஒருமுறை களத்தில் எல்லாமே மங்கலாகத் தெரிந்தது. ஆனால் களத்தில் தன் இடத்தைத் துல்லியமாக அறிய வேண்டிய ரோபோ என்றால் நிறம் போதாது. அதற்கு எட்வின் ஓல்சன் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஏப்ரல்டேக் என்ற கறுப்பு வெள்ளைக் கட்டக் குறிகள் இருக்கின்றன. ஃபர்ஸ்ட் போட்டிக் களத்திலேயே 2023 முதல் அவற்றை ஒட்டிவிட்டார்கள். அவற்றைப் படிக்க ஓப்பன்எம்வியோ இன்னும் பெரிய கணினியோ வேண்டும். முகம் அறிவது, பொருளின் வடிவம் அறிவது போன்ற ஆசைகள் உள்ளவர்களும் பிக்ஸி பக்கம் வர வேண்டாம். நிறத்தைப் பார்ப்பேன் என்று சொல்கிறது, நிறத்தைப் பார்க்கிறது.

சுவரொட்டியை அன்றிரவே கிழித்துவிட்டு மறுபடி எழுதினார்கள். நான் வார்த்தை எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. ‘நிறத் திட்டுகளைக் கண்டறிவது: பிக்ஸி2, சார்ம்டு லேப்ஸ், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சிஎம்யூகேம் வழி வந்தது’ என்று முதல் வரி. அதன் கீழ் நான்கு கேமராக்களின் பெயர்களும் ஆட்களின் பெயர்களும் சிறிய எழுத்தில். ‘திட்டைப் பார்த்துச் சக்கரத்தை ஓட்டும் நிரல்’ என்று இரண்டாம் வரி, அங்கே பையனின் பெயர். இடம் சிறிதாகிவிட்டதால் புகைப்படத்தை எடுத்துவிட்டான். கேட்டதற்கு, “முகத்தைப் பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது சார்” என்றான். மூன்றாம் வரி ‘நிற அளவீடும் வெளிச்சப் பதிவுகளும்’. முந்தைய சுவரொட்டியில் அந்தப் பெண்ணின் பெயர் எங்கேயும் இல்லை என்பதை அப்போதுதான் எல்லோரும் கவனித்தோம். நானும் கவனித்திருக்கவில்லை. பிட்ஸ்பர்க்கில் யார் என்ன செய்தார்கள் என்று இரண்டு நாள் தேடியவனுக்கு, நான்கடி தள்ளி உட்கார்ந்து கட்டம் போட்டுக்கொண்டிருந்தவளின் பெயர் விடுபட்டது தெரியவில்லை.

அவள் தன் பெயரைப் பார்த்துவிட்டு, கீழே இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டாள். பயிற்சி செய்த நாள் எல்லாம் நாங்கள் சொல்லும்போது மண்டபத்தின் ஜன்னல் திரைகளை மூடியும் திறந்தும் கொடுத்தவர் மண்டபக் காவலர். அவர் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பையன் எழுதுகோலை மேசையில் வைத்துவிட்டு, கேட்டுவருகிறேன் என்று எழுந்து போனான்.